குழந்தையிடம் கேட்ட கேள்விகள்

எங்கள் பக்கம், ஒருவரிடம் நேராகக் கேட்கக் கூச்சமான எதையும் அவர் குழந்தையிடம் கேட்டுவிடலாம். "ஏங்கண்ணு, உங்கம்மா மொகம் ஏன் வாடிக் கெடக்குது? அழுதாங்களா?" என்று இடுப்பிலிருக்கும் குழந்தையின் தாடையைப் பிடித்துக் கேட்டால், குழந்தையின் அம்மா தன் குரலைக் கொஞ்சம் மழலையாக்கிக்கொண்டு, "இல்லீங்க பெரியம்மா, எங்கம்மாளுக்குத் தலவலிங்க" என்று குழந்தையாகவே பதில் சொல்லிவிடுவாள். யாரும் யாரையும் துருவிக் கேட்டதாக ஆகாது. இதில் ஒரு மரியாதை இருக்கிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

குறிச்சிப் பக்கம் இரண்டு மாடி வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா. அவர் கணவருக்கு உக்கடத்தில் பழைய இரும்புக் கடை. நடுமாடியில் நானும் என் கணவரும் இரண்டரை வயது மகளும். மேல்மாடிக்குப் போன தை மாதம் ஒரு பெண் மூன்று மாதக் குழந்தையோடு வந்தாள். வால்பாறையில் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் கணவர் ஆனைமலைக்காரர். இங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவளை நேராக இந்த வீட்டுக்குத்தான் அழைத்து வந்தார். இங்கே அவளுக்குத் தெரிந்தவர் யாருமில்லை. அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர். நினைத்த நேரத்தில் மலையிறங்கி வர முடியாது.

அவள் வந்த வாரமே, இவளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். நான் நல்லவள் என்பதால் அல்ல. என் மகள் பிறந்த பிறகு ஐந்தாறு மாதம் நான் இருந்த நிலை எனக்குத் தெரியும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுவேன். வந்தவர்களெல்லாம் பால் பத்துகிறதா என்று கேட்டார்கள், எடை ஏறுகிறதா என்று கேட்டார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே நான் கேட்பேன் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அட்டவணை போட்டுக்கொள்வேன். தினமும் நாலரை மணிக்கு மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கேட்பது என்று வைத்துக்கொண்டேன். உடம்பு அலுத்துக் கிடக்கும் நாளிலும் படியேறிப் போவேன். என் மகள் பகலில் தூங்குவதில்லை. நான் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்வாள். அப்படியும் ஒருநாள் தவறவில்லை.

ஆனால் நான் கேட்டதெல்லாம் அவள் குழந்தையிடம்.

"தங்கம், அம்மா சோறு உண்டாங்களா?"

"உண்டாச்சுங்க பெரியம்மா."

"ராத்திரி அம்மாவத் தூங்க உட்டியா இல்லியா?"

"உட்டனுங்க, நாஞ் சமத்துங்க."

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. நான் கேட்டேன், குழந்தை நன்றாக இருப்பதாகச் சொன்னது. கடமை முடிந்ததென்று துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன்.

சித்திரையில் ஒருநாள் மாடியில் நாங்கள் மூவரும் இருந்தோம். என் மகள் என் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மா வடகம் காயப்போட்ட துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "என்னடா, உங்கம்மா ரெண்டு நாளா மாடிக்கே வரக்காணம்? உன்னய வெச்சுட்டு என்ன பண்றாங்க?" என்று கேட்டேன்.

அவள் அதே மழலைக் குரலில் சொன்னாள்: "எங்கம்மாளுக்கு என்னயப் புடிக்கலீங்க பெரியம்மா. என்னயக் கொண்டுபோயி ஆருகிட்டயாச்சும் குடுத்துப்போடறாங்களாம்."

வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். "அடிக் கள்ளி! மொளச்சு மூணு எல உடல, அதுக்குள்ள அம்மா மேல புகாரா? குடுத்தா எங்கிட்டக் குடுக்கச் சொல்லு, நான் வெச்சுக்கறேன்" என்றார். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைவு. இப்போது எண்ணிப் பார்த்தால் அவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை. குழந்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தாள். கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் வயது. பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு, "எங்கம்மாவுக்கு என்னப் பிடிக்கல. யாருகிட்டயாவது குடுத்துருவாங்க" என்றாள். அவள் குரலில் விளையாட்டு எதுவும் இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்போதே எழுந்து மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. விளையாட்டுக்குச் சொன்னதை நாம் பெரிதாக்கி, அவள் மனதில் இல்லாததை நாமே விதைத்துவிட்டால்? குழந்தையைப் பிடிக்கவில்லை என்று சொன்னாயா என்று ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது? அவள் கணவருக்குத் தெரிந்து சண்டையானால்? அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றியபடியே கேட்டவர், "நீயே நாலு நாளாத் தலவலிங்கற. ஊர்ப் பொழப்பையெல்லாம் எதுக்குத் தலையில ஏத்திக்கற?" என்றார். அவர் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது. உண்மையில் அவர் அப்படிச் சொல்வதற்காகவே அவரிடம் சொன்னேனோ என்றும் தோன்றுகிறது. அன்றும் அடுத்த நாளும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. கைபேசியில் மட்டும் தேடித் தேடிப் படித்தேன். மனம் சோர்ந்தவரிடம் எப்படிப் பேச வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்றெல்லாம் போட்டிருந்தது. தேர்வுக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தேன்.

மூன்றாம் நாள் துணி எடுக்க மாடிக்குப் போனபோது அவளுடைய கொடி காலியாக இருந்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒருநாள் முழுக்க ஒரு துணிகூடத் துவைக்காமல் இருக்க முடியாது. முந்தின நாளும் அந்தக் கொடி காலியாக இருந்தது அப்போதுதான் உறைத்தது.

கீழே போய் என் மகளை வீட்டுக்காரம்மாவிடம் விட்டேன். "சித்த நேரம் பாத்துக்கங்க, மேல போயிட்டு வாரேன்" என்றேன். கூட்டிக்கொண்டே போனால் என்ன என்பதுபோல அவர் பார்த்தார். இவளும் கூட இருந்தால் நான் மறுபடியும் குழந்தைகளிடம்தான் பேசுவேன் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் விளக்கத் தெம்பில்லை.

கதவைத் திறந்ததும் அவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பாப்பா எங்கீங்க அக்கா?"

"கீழ உட்டுட்டு வந்தேன். உங்களத்தான் பாக்க வந்தேன்."

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளித் தரையில் போட்டுவிட்டு உட்காரச் சொன்னாள். குழந்தை தொட்டிலில் விழித்துக் கிடந்தது, அழவில்லை. அவள் தொட்டில் பக்கம் திரும்பி, "பாருங்க சாமி, ஆரு வந்திருக்கறாங்கன்னு..." என்று மழலையை ஆரம்பித்தாள்.

"அவ கெடக்கட்டும். உக்காருங்க" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது. மனப்பாடம் செய்தது அத்தனையும் போய்விட்டது. டீ குடித்தீர்களா என்று கேட்டேன். தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்றாள்.

கடைசியில், "அன்னிக்கு மாடில சொன்னீங்களே, அது நெசமாங்க?" என்றேன்.

அவள் சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நீங்க சிரிச்சீங்க" என்றாள்.

"ஆமா. சிரிச்சேன். தப்புத்தான்."

அவள் அழத் தொடங்கினாள். நான் பயந்துபோய், என்னென்ன சொல்லக் கூடாது என்று படித்திருந்தேனோ அதையெல்லாம் சொன்னேன். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது, நாலு மாதத்தில் சரியாகிவிடும், குழந்தை முகத்தைப் பார்த்தால் எல்லாம் மறந்துபோகும் என்றேன். அவள் அழுகையை உடனே நிறுத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்து, "ஆமாங்க அக்கா, சரியாயிருமுங்க" என்றாள். கதவு சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. சாத்தியது நான்தான்.

எழுந்து போகக் கால் வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் என்று தோன்றியது, பத்து நிமிடம் இருக்கலாம். தெருவில் தயிர்க்காரர் கூவிக்கொண்டு போனார். தொட்டில் அசையாமல் தொங்கியது.

அவளாகவே பேசினாள். "அவளத் தூக்கறனுங்க. பால் குடுக்கறேன். குளிப்பாட்டறேன். எல்லாஞ் செய்யறேன். ஆனா ஆரு பெத்த புள்ளையோ மாதிரி இருக்குதுங்க. எங்கம்மா போன்ல புள்ள எப்படியிருக்கான்னு கேக்கும். நல்லா இருக்கான்னு சொல்லிட்டு வெச்சுருவேன். நேத்தெல்லாம் அவ அழுதா, நான் அந்த ரூமுக்குப் போயிக் கதவச் சாத்திட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியலீங்க."

அடுத்த கேள்வியை நான் கேட்டே ஆக வேண்டும். அதை நேராகக் கேட்கலாம், கேட்பதால் கெடுதல் வராது என்று படித்த அந்த ஒன்றுதான் நினைவிருந்தது.

"செத்துப்போயிரலாம்னு தோணுதுங்களா?"

இதற்கும் மரியாதை ஒட்டு சேர்த்துத்தான் எனக்குக் கேட்க வந்தது.

அவள் அதிர்ச்சியடையவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவள்போல என்னைப் பார்த்தாள். "சாகோணும்னு இல்லீங்க அக்கா. தூங்கோணும். எந்திரிக்காமத் தூங்கோணும். மூணு நாளா அதேதான்."

மூன்று நாள். மாடியில் அவள் சொன்னதும் நான் சிரித்ததும் மூன்று நாளைக்கு முன்னால்.

"உங்க ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவருகிட்டச் சொல்லிராதீங்க."

சரி என்று தலையாட்டுவதுதான் என் சுபாவம். அன்று ஏனோ ஆட்டவில்லை. "சொல்லாம இருக்க முடியாதுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"இதுக்குத்தான் நான் ஆருகிட்டயும் சொல்லல" என்று சத்தம் போட்டாள். அவள் சத்தம் போட்டு அன்றுதான் கேட்டேன். "என்னயப் பைத்தியம்பாங்க. புள்ளைய ஆனமலைக்குத் தூக்கீட்டுப் போயிருவாங்க. உங்களுக்கென்ன, சொல்லீட்டுக் கீழ போயிருவீங்க."

"கீழ போகல. அவரு வர்ற வரைக்கும் இங்கயேதான் இருக்கப்போறேன்."

அவள் கண் முன்னாலேயே அவள் கணவருக்குப் போன் செய்தேன், சீக்கிரம் வரச் சொன்னேன். அவர் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை அழுதபோது தூக்கிக் கொடுத்தேன், பால் கொடுத்தாள். தரையில் கிடந்த துணிகளை எடுத்துப்போய் ஊறவைத்தேன். செய்தது சரியா தவறா என்று அந்த ஒன்றரை மணி நேரமும் மாறி மாறி நினைத்தேன். கீழே என் மகள் என்னைக் கேட்டு அழுவது மாடிப்படி வழியாகக் கேட்டது.

அவர் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த சட்டையோடு வந்து நின்றார். வாசலிலேயே நிறுத்தி, அவள் காதில் விழும்படியே சொன்னேன். மறைவாகச் சொல்லக் கூடாது என்று பட்டது. அவர் கோபப்படவில்லை. "மலைல வளந்தவ, இங்கத்த வெயிலு ஒத்துக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க அக்கா. நான் தண்ணியெல்லாம் புடிச்சு வெச்சுட்டுத்தானுங்க போறேன்" என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். பிறகு உள்ளே போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் இறங்கி வந்தேன். வீட்டுக்காரம்மா என் மகளைக் கையில் கொடுத்தார். அன்று இரவு எங்கள் வீட்டில் தயிர்சோறுதான்.

மறுநாள் அவர் விடுப்புப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன், குழந்தையை யாராவது வைத்திருக்க வேண்டுமே. பேருந்தில் அவள் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. டாக்டரம்மா முதலில் இருவரையும் கூப்பிட்டார், பிறகு அவளைத் தனியாக. பிரசவத்துக்குப் பிறகு வரும் நோய் இது, மருந்து உண்டு, பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் கொஞ்ச நாளைக்குத் தனியாக விடாதீர்கள் என்றாராம். அவள் அம்மா வால்பாறையிலிருந்து வந்து பதினைந்து நாள் இருந்தார். குழந்தையை யாரும் ஆனைமலைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

அம்மா திரும்பிப் போன பிறகு பகல் நேரம் என் பொறுப்பாயிற்று. யாரும் ஒப்படைக்கவில்லை, அப்படி ஆகிவிட்டது. காலையில் அவள் கணவர் பட்டறைக்குக் கிளம்பியதும் மேலே போகிறேன். குழந்தையைப் பார்ப்பதில்லை, அவளைப் பார்த்தே கேட்கிறேன். முதல் வாரம் "இருக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். என்மேல் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்குவேன். தினமும் கேட்டு அவளை நச்சரிக்கிறேனோ, இன்று ஒருநாள் விட்டுவிடலாமோ என்று படியில் நின்று யோசித்ததும் உண்டு. விட்டால் அந்த ஒருநாள்தான் ஏதாவது நடந்துவிடும் என்று பயம். இப்படிப் பயப்படுவதும் எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. அசதியாக இருக்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை.

நேற்றுக் காலை கதவைத் தட்டினேன். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு எப்படி இருக்கறீங்க?"

என் கண்ணைப் பார்த்து, "இன்னிக்குச் சரியில்லீங்க அக்கா" என்றாள். "நேத்தெல்லாம் பரவால்ல. இன்னிக்கு எந்திரிக்கறப்பவே சரியில்ல."

எனக்குப் பயமாக இருந்தது. கூடவே, இத்தனை நாளில் இதை அவளாகச் சொன்னது இதுதான் முதல்முறை என்றும் தோன்றியது. "மாத்தர போட்டீங்களா?" என்று கேட்டேன். "போட்டாச்சு" என்றாள். என் வீட்டில் அடுப்பில் பருப்பு இருந்தது, மகள் கீழே வீட்டுக்காரம்மாவிடம் இருந்தாள். "அடுப்ப அணச்சுப்போட்டு, பாப்பாளயும் கூட்டீட்டு வாரேன்" என்றேன்.

"சீக்கிரம் வாங்க" என்றாள், கதவைச் சாத்தாமல்.