வெறும் வலையைப் படம் பிடிக்காதவன்

தந்தி எங்கள் ஊரான மருதமுனையில் கொடுக்கப்பட்டது ஒரு காலையில். என்னைத் தண்டனை இடமாற்றத்தில் தூக்கிப் போட்டிருக்கும் பதுளைப் பக்கத்து மலைப் பாடசாலைக்கு அது வந்து சேர்ந்தது மறுநாள் பத்து மணிக்கு. "நஸார் மௌத்து. உடனே வரவும்." நாற்பத்து மூன்று வயதில் என் கூட்டாளி இறந்துபோனான். நெஞ்சு வலியாம்.

ஒரு வாரத்துக்குள் பத்திரிகையில் ஓர் அனுதாபக் குறிப்பு வந்தது. எழுதியவர் இன்று தொலைக்காட்சிச் செய்தியில் முகம் காட்டுகிற பெரிய மனிதர். பெயர் வேண்டாம்; என் பேனா அதற்கு இணங்காது. "ஊரே திரண்டு கண்ணீருடன் வழியனுப்பியது" என்று எழுதியிருந்தார். அவர் அன்று கொழும்பை விட்டு அசையவில்லை என்பதை நான் விசாரித்து அறிந்தேன். நஸாரை அறிந்த உங்களுக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்து நம் கரைக்கு வராதிருந்த காலத்தில், நானும் நஸாரும் மாணவர்களானோம். இருவருக்கும் முப்பத்தைந்து கடந்திருந்தது. ஊரில் ஆசிரியர்கள், பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பி வந்தவர்கள். கொழும்பில் தொலைக்காட்சிச் செய்திக்கு ஆறு மாதப் பயிற்சி. முடிவில் தமிழ்ச் செய்திப் பிரிவில் ஒரேயொரு இடம். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. நஸாருக்கும்தான், அவன் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசிப் பரீட்சை, அவரவர் ஊரிலிருந்து மூன்று நிமிடச் செய்தி ஒன்று கொண்டுவருவது. இருவருக்கு ஒரு கருவித் தொகுதி, இருபது நிமிடக் கசெட் ஒன்று, பெட்டரி இரண்டு. கமரா அவன் தோளில், பதிவுப் பெட்டி என் தோளில், நடுவில் ஒரு கேபிள். கல்முனை பஸ்ஸில் அந்தப் பெட்டியைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

மருதமுனைக் கடற்கரையில் கரைவலை இழுத்தார்கள். இரண்டு வரிசையாக ஆட்கள் மணலில் பின்னோக்கிச் சாய்ந்து கயிற்றை இழுக்க, வலை மெல்ல மெல்லக் கரைக்கு வரும். கடைசியில் வலையின் பையான மடி, மீன் நிறைந்து. நஸார் கயிற்றையும் கைகளையும் எடுத்துக்கொண்டிருந்தான். நான்தான் கூப்பிட்டேன். கடலைப் பின்னால் வைத்து நான் நின்று பேசுவதை எடுக்கச் சொன்னேன். ஒரு தடவை சொல் இடறியது. ஒரு தடவை காற்று தலைமயிரைக் கலைத்தது. எட்டுத் தடவை பேசினேன். எட்டாவதில் இரண்டாம் பெட்டரியும் தீர்ந்தது. முதல் பெட்டரியில் மிச்சம் இருக்கிறதா என்று அவன் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் முதுகுக்குப் பின்னால் மடி கரையேறிவிட்டது.

கமரா மறுபடி ஓடியபோது மீன் மணலில் குவிந்து கிடந்தது. நான் வலைக்குத் தலைவரான, எல்லோருக்கும் அண்ணன் முறையான உதுமாங்கண்டு காக்காவிடம் ஓடினேன்.

"காக்கா, இன்னொருக்கா இழுத்துக் காட்டுவீங்களா?"

"இழுக்கலாம் தம்பி. திரும்பப் போய் மடிக்குள்ள ஏறச் செல்லி மீனுக்கு ஆரு செல்ற?"

கரையே சிரித்தது. பிறகு அவரே இரங்கினார். "பாவம், பெட்டியச் சுமந்து வந்திருக்கானுகள். கயித்தப் புடிங்கடா!"

பிடித்தார்கள். நஸார் கமரா வாயை மூடிவிட்டான்.

"என்னடா மச்சான் செய்றாய்?"

"கயித்தப் பாரு. தொங்குது. பாரம் இல்ல."

"கொழும்பில இருக்கிறவனுக்குக் கயிறு தெரியுமா?"

"காக்காட பொஞ்சாதிக்குத் தெரியும்."

"அவட ஊட்டுல டீவி இருக்கா?"

"வரும்டா. ஒரு நாளைக்கு வரும்."

திரும்பும் பஸ்ஸில் அவன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி என் மடியில் வைத்தான்: "மடி கரையேறியபோது எங்கள் கமரா ஓடவில்லை. அதை உங்களுக்குக் காட்ட முடியவில்லை." வாசிக்க மறுத்தேன். "கண்டதச் செல்லு. காணாததக் காணல்லெண்டு செல்லு. அதுவும் செய்திதான்" என்றான். கடைசியில் வாசித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பரீட்சை அறையில் அந்த வரி வந்ததும் பயிற்சித் தலைவர் படத்தை நிறுத்தினார். "மன்னிப்புக் கேட்கவா மூன்று நிமிடம் தந்தோம்?"

"அதுக்கு ஒன்பது செக்கன்தான் சேர் போனது" என்றான் நஸார்.

"யாருடைய பிழை?"

"பெட்டரி முடிஞ்சிட்டு சேர்."

என் பக்கம் அவன் திரும்பவேயில்லை. நானும் வாய் திறக்கவில்லை. சந்தையில் இரண்டு வியாபாரிகளை இரண்டு தடவை சண்டை பிடிக்கவைத்துப் படமெடுத்து வந்தவருக்கு இடம் கிடைத்தது. அவர்தான் இந்த அனுதாபக்காரர். எட்டு மாதம் நஸாரோடு நான் கதைக்கவில்லை. என் வாழ்க்கையை அவன் கெடுத்துவிட்டான் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். பெட்டரியை யார் தின்றது என்பதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

பிறகு மருதமுனைக்கும் தொலைக்காட்சி வந்தது. தென்னை உயரத்துக்கு அன்டெனா நட்டும் படத்தில் மழை பெய்யும். ஒரு மாலை உதுமாங்கண்டு காக்காவின் வீட்டில் இருபது முப்பது பேர் இருந்து செய்தி பார்த்தோம். வேறெங்கோ ஒரு கரையில் கரைவலை இழுக்கிறார்கள். வாசற்படியில் நின்ற காக்காவின் மனைவி வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன்டா மனே, இவனுகள் வெறும் வலையயா இழுக்கிறானுகள்? கயிறு தொங்குதே!"

வீடே சிரித்தது. கீழே செய்தியாளரின் பெயர் ஓடியது: அதே மனிதர். நஸார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வென்றவன் ஆகியிருப்பான். அவனுக்கு அது தேவைப்படவில்லை. என் நண்பன் என்று நெஞ்சு நிமிர்ந்தது அன்றைக்குத்தான். இன்றுவரை அது தாழவில்லை. நாடு முழுக்கத் தெரிகிற முகத்தைவிட, தெரியாமல் போன அந்த ஒன்பது செக்கன் பெரிது.

பஸ் மாறி மாறி நான் மருதமுனை வந்து இறங்கியபோது மாலையாகிவிட்டது. அவனை முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகே அடக்கிவிட்டார்கள். மையவாடியில், குழியின் தலைமாட்டில் நட்டிருந்த மீஸான் பலகையடியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவனுடைய தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"காக்கா, ஜனாஸாக்கு எவ்வளவு சனம் தெரியுமா? நான் செல்றன், நீங்க எழுதுங்க."

"நீ கண்டத நீ எழுது மனே" என்றேன்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது பஸ்ஸில் அவன் எழுதித் தந்த அந்த ஒரு வரிதான். அதை அவனுக்கே எழுதிவைக்கிறேன். நஸாரை அடக்கியபோது நான் அங்கே இருக்கவில்லை. அதை உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது. ஈர மண்ணைக் கண்டேன்.