ரோஜாவில் கட்டிய நூல்

போன வாரம் என் நர்சரியில் பூக்காத ரோஜாச் செடி ஒன்றில், நிறம் தெரியட்டும் என்று வேறொரு செடியின் பூவைப் பறித்து நூலால் கட்டி வைத்தேன்.

புதுவயல் அரிசி மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண் அதைத்தான் ஆசையாகக் கேட்டார். நான் வாய் திறக்காமல் விற்றேன்.

இன்று அந்தச் செடி இருந்த தகர டப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

“தப்பா நினைக்காதீகண்ணே. பூவைத் தொட்டேன், கையோட வந்துருச்சு.”

“அதனாலென்ன, பூ உதிரத்தானே செய்யும்.”

“இல்லண்ணே. காத்துல ஒடியக் கூடாதுன்னு நூல் போட்டுக் கட்டியிருந்தீக. அம்புட்டுப் பக்குவமா வளத்ததை நான் கெடுத்துட்டேன்.”

வேறு செடி தருகிறேன் என்றேன். “என் கைராசி சரியில்லண்ணே, நீங்களே வச்சுக் காப்பாத்துங்க” என்று டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நூல் இன்னும் கிளையில் இருக்கிறது. அவிழ்க்கக் கை வரவில்லை.

சிரிக்காமல் சொல்லுங்கள், புதுவயலுக்கு அடுத்த பஸ் எப்போது?