பக்கத்துச் சாக்கு

பாகூர் மார்க்கெட்டை இடித்துப் புதுசாகக் கட்டப்போகிறார்கள் என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். மழை வந்தால் கணுக்கால் வரை சேறு, வெயில் அடித்தால் அழுகல் நாற்றம். அதற்குள் இருபது வருஷம் என் அம்மா சாக்கு விரித்துத் தேங்காய் விற்றாள். டைல்ஸ் தரை, தண்ணீர்க் குழாய், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்று படம் போட்டு போர்டு வைத்திருந்தார்கள். அதைச் செல்போனில் பிடித்துவந்து அம்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நாங்க எங்கடி ஒக்காருவோம்?" என்றாள்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். அம்மாவும், பக்கத்துச் சாக்கில் கீரை விற்றவளும். அம்மா அவளைக் கீரையக்கா என்பாள், அவள் அம்மாவைத் தேங்காய்க்காரம்மா என்பாள். ஒருத்தி பெயர் மற்றவளுக்குத் தெரியாது, வீடும் தெரியாது. விடிந்தால் பக்கத்தில் வந்து உட்காரப் போகிறவளிடம் முகவரி எதற்குக் கேட்க வேண்டும்? ஆனால் அவள் மருமகள் என்றைக்கு முகம் தூக்கினாள், பேரனுக்கு எந்தப் பல் விழுந்தது, எல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. எனக்குக் காய்ச்சல் என்றால் மறுநாளே தூதுவளை வந்துவிடும். கல்யாணமாகி ஆறே மாதத்தில் நான் பெட்டியோடு திரும்பி வந்தபோது அம்மா வீட்டில் ஒரு சொட்டு அழவில்லை. மார்க்கெட்டில் கீரையக்கா தோளில் சாய்ந்து அழுதாளாம்.

அந்த வரிசையில் யாராவது இறந்துபோனால் மற்றவர்கள் சரக்கின் மேல் துணியைப் போர்த்திவிட்டு ஒரே வண்டியில் ஏறிப் போவார்கள். யாராவது ஒருவருக்கு வழி தெரிந்திருக்கும். மார்க்கெட் என்பதில் இதுவும் சேர்த்தி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணுக்குச் சேறுதான் தெரிந்தது.

இடித்தார்கள். ஆளுக்கொரு ரோட்டோரமாகப் போனார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, கட்டி முடியும்வரை வீட்டில் இரு என்று நானே உட்கார வைத்தேன். வேலை முடிந்து நான் வண்டியை நிறுத்தும்போதே கேட்பாள், "கீரையக்காவ எங்கியாவது பாத்தியாடி?" என்று.

ஒருநாள் பார்த்தேன். புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிற வழியில், அரியாங்குப்பத்தில் புது வீடுகள் வந்திருக்கிற ஒரு தெருமுனையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள்.

"பாப்பா, அம்மா எப்பிடி கீறாங்க?"

"நல்லா இருக்காங்கக்கா."

"மார்க்கெட்டு எப்ப தொறப்பாங்களாம்? இங்க ஒண்ணும் புடிக்கல. பேச ஆளில்ல."

"அடுத்த மாசம்னு சொல்றாங்க" என்றேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் இரண்டு கட்டு முருங்கைக்கீரையை வண்டியில் வைத்தாள்.

சாயங்காலம் அம்மா கீரையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வூடு எங்கன்னு கேட்டியா? நம்பரு வாங்கினியா? வாயில இன்னா வெச்சிருந்த?"

மறுநாள் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். அவள் அங்கே இல்லை. பஸ்ஸில் மேற்கேயிருந்து வருவாள் என்று அம்மா சொன்னதை வைத்துச் செலியமேட்டில்கூடப் போய் விசாரித்தேன். பெயர் என்ன என்றார்கள். தெரியாது என்றேன். எந்தத் தெரு என்றார்கள். அதுவும் தெரியாது. பெயரும் தெரியாமல் ஆள் தேடி வந்திருக்கிறாளே என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

மூன்று வருஷம் கழித்து மார்க்கெட் திறந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. குலுக்கலில் அம்மாவுக்கு உள்பக்கம் ஒரு மேடை விழுந்தது. பக்கத்து மேடையில் பிளாஸ்டிக் சாமான் விற்கிற ஒரு ஆள். அம்மா தேங்காயை அடுக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள், வெளியே ரோட்டுப் பக்கமும் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

சுற்றுக் கம்பி வேலியில், வெயிலில் வெளுத்துப்போன ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. நான் தாண்டிவிட்டேன். அம்மா நின்றுவிட்டாள். முகம் கீரையக்காவுடையது, கீழே யாருடையதோ பட்டுப்புடவை ஒட்டியிருந்தார்கள்.

"பேரு இன்னான்னு போட்டிருக்கு?"

படித்தேன். அம்மா வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ஊரு?"

"மடுகரை."

"எப்ப?"

"ரெண்டு மாசம் ஆயிடுச்சும்மா. காரியமெல்லாம் முடிஞ்சிடுச்சி."

அந்த இரண்டு மாதமும் தினம் இரண்டு வேளை நான் அந்த வேலியைத் தாண்டித்தான் போய்வந்தேன்.

"இருவது வருசம் பக்கத்துல ஒக்காந்திருந்தவளுக்கு ஒரு சேதி சொல்லத் தோணலியே அவுங்களுக்கு" என்று வீட்டுக்கு வந்தும் அம்மா அழுதாள். அவளைத் தேற்ற வார்த்தை தேடியபோதுதான் எனக்கு உறைத்தது. மடுகரையில் இறந்தவளுக்கு, ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத பாகூரில், திறக்காத மார்க்கெட்டின் வேலியில் எதற்காக பேனர் கட்டினார்கள்? அம்மாவின் பெயரோ வீடோ அவர்களுக்கும் தெரியாது. அம்மாவுக்குச் சேதி சொல்ல அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு இடம்தான்.