சூடாகாத மைக்ரோவேவும் என் மானமும்

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக மெஷின் பழுது பார்ப்பவன் நான். என் வீட்டு மைக்ரோவேவே, ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து சோற்றைச் சூடாக்க மறுத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை தம்பி சாப்பிட வர்றான். அவன்கிட்ட காட்டலாமாங்க?" என்றாள் மனைவி.

அவள் தம்பி தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் ஏர்கான் பழுது பார்ப்பவன். மச்சான் என் வீட்டில் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டால் அப்புறம் எனக்கு என்ன மரியாதை?

"அவன் என்னத்தப் பாக்கறது? நான் பாக்கறேன் லா."

ஒரு பீங்கான் மங்கில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் சுற்றவிட்டு விரலை விட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான். வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தேன். கதவு சரியாக மூடுகிறதா என்று இடுக்கில் காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தேன். மூடியை மட்டும் கழற்றவில்லை. உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும், ஆளையே அடித்துவிடும். சனிக்கிழமைக்குள் ஏழு மங்கு ஆயிற்று. அத்தனையிலும் காப்பித்தூளைப் போட்டு எனக்கே கொடுத்தாள் புண்ணியவதி.

"பவர் கூட்டித்தான் வச்சிருக்கீங்களா?"

"எனக்கே சொல்லித் தர்றியா? பொட்டு 'ஹை'க்கு நேரா நிக்குது பாரு."

ஞாயிறு காலை, தம்பி வருகிறானே என்று அவள் ஈரத்துணியால் மைக்ரோவேவைத் துடைத்தாள். பவரைக் கூட்டிக் குறைக்கும் திருகிலிருந்த பொட்டு போனது. அப்போதுதான் திருகின் மறுமுனையில் தேய்ந்துபோன வெள்ளைக் கோடு கண்ணில் பட்டது. அதுதான் அசல் முள். அது உறைந்த மீனை இளக்கும் அளவில் நின்றுகொண்டிருந்தது.

பூஜையன்று கார், மோட்டார், வாஷிங் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவன் நான்தான். திருகின் வால் பக்கம் வைத்துவிட்டு, ஒரு வாரமாக அந்தப் பொட்டையே முள்ளென்று நம்பித் திருகியிருக்கிறோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தம்பிகிட்ட சொல்லிடாத மா."

"சொல்லலங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் கோழிக்கறி ஆவி பறக்க வந்தது. மச்சான் நிமிர்ந்து பார்த்தான்.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு அக்கா சொன்னாங்களே. என்ன பழுது அத்தான்?"

"சின்ன அட்ஜஸ்ட்மெண்ட்தான்."

மனைவிக்குப் புரையேறியது.

"அப்படின்னா எங்க வீட்டுதையும் வந்து பாருங்க அத்தான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாடல்தானே வாங்கினோம். பூஜைக்கு நீங்க வந்து பொட்டு வச்சிட்டுப் போனதுலேருந்து அதுவும் சூடே ஆக மாட்டேங்குது. நானும் ரெண்டு வாட்டி கழட்டி மாட்டிட்டேன், ஒண்ணும் புரியல."

கை கழுவிவிட்டு ஸ்பேனர் பெட்டியை எடுத்தேன். மனைவி அதற்குள் ஓர் ஈரத்துணியை மடித்து வைத்தாள்.