பின்னணியில் ஒரு பெண்குரல்

அடுத்தவர் பேசியதைக் கேட்டு, சொல் கூடாமல் குறையாமல் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுத்து, செல்போனில் பதிவுசெய்து கொண்டுவருவார்கள். அதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுத அவர்களுக்கு நேரம் இருக்காது. சின்னமனூரில் என் வீட்டு மாடியறையில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் எழுதுவேன். கோழி கத்தும், மிக்ஸி ஓடும், யாரோ ஒருவர் நடுவில் வந்து தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்வார். அதற்குள்ளிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க வேண்டும்.

மேடைக்கு மைக் கட்டுகிறவர்களே, புத்தகத்துக்குப் பிழை பார்க்கிறவர்களே, கல்யாணத்தில் எல்லோரையும் படம் எடுத்துவிட்டு ஒரு படத்திலும் இல்லாமல் போகிறவர்களே! என் குழப்பம் உங்களுக்குப் புரியும். புரிந்தால் எனக்கும் கொஞ்சம் விளக்குங்கள்.

என்ன வேலை?

எங்கள் மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த கன்னியாஸ்திரி ஒருவர், பங்கு மக்களைத் தெரிந்துகொள்ள வீடு வீடாக வந்தார். என் கணவர் வாழைக்காய் கமிஷன் கடையில் இருக்கிறார் என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார். “நீங்க என்ன பண்றீங்க ரோஸ்லின்?” என்று என்னிடம் திரும்பினார். நான் ஆராய்ச்சி, ஒலிப்பதிவு, எழுத்தாக்கம் என்று ஆரம்பித்தேன். அவர் முகம் போன போக்கில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்சம் நிறுத்தி, “டைப்பிங்தான் சிஸ்டர்” என்றேன்.

பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியாருக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. மருமகளின் வேலையைக் குறைத்துச் சொல்வதாக நினைத்துவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார்: “டைப்பிங் மட்டுமில்ல சிஸ்டர், ஊரு பூராம் பேசுறத ஒட்டுக்கேட்டு எழுதி அனுப்புறா, காலேஜ்லருந்து பெரிய ஆளுகள்லாம் கேட்டு வாங்குறாக.”

இடையூறு

வாழை விவசாயத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர், உத்தமபாளையம் பக்கத்து விவசாயி ஒருவரின் பேட்டியை அனுப்பினார். கேள்வி தெளிவாக இருந்தது. விவசாயியின் தொண்டையும் நன்றாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் “அது வந்து...” என்று இழுக்க, மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் பதில் சொன்னது. “ஆமா, அவ சொல்றதுதான்” என்று அவர் முடித்தார். அரைமணி நேரமும் இப்படியேதான். கேட்டதைக் கேட்டபடி ‘பின்னணியில் பெண்குரல்’ என்று போட்டு எழுதி அனுப்பினேன்.

பேராசிரியர் கூப்பிட்டார். “பின்னணி இடையூறையெல்லாம் எடுத்திருங்கம்மா. பேட்டி கொடுத்தது அவர் ஒருத்தர்தான்.” எடுத்தால் கேள்வி மட்டும்தான் மிஞ்சும் சார் என்றேன். யோசித்துவிட்டு, “அப்ப அந்தம்மா சொன்னதை அவர் சொன்னதா எழுதிருங்க” என்றார். அதிலும் எனக்கு ஒரு சந்தேகம். “சார், ‘நான் மூத்தவனை மாசமா இருக்கும்போதே செவ்வாழை வச்சுட்டோம்’னு ஒரு வரி வருது. அதையும் அவரே சொன்னதா எழுதவா?” என்று கேட்டேன். நான் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “அந்த ஒரு வரியை மட்டும் விட்டுருங்க.”

கேட்டது யார்?

கார்த்திகா சென்னையில் ஆராய்ச்சி மாணவி. எங்கள் பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, மலை தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பெண்களைப் பற்றி ஆய்வு. அவள் அனுப்பிய பதிவுகளில் எனக்கு வேறு மாதிரிக் குழப்பம். “உங்க பணிச்சூழல்ல நீங்க எதிர்கொள்ற சவால்கள் என்னன்னு சொல்ல முடியுமா?” என்று கார்த்திகா கேட்பாள். எதிரே இருக்கிற பெண் ஒன்றும் சொல்ல மாட்டார். கட்டில் கிறீச்சிடும். அப்போது கரகரத்த ஒரு குரல் உள்ளே நுழையும். “ஏத்தா, மழையில சறுக்கி விழுந்தியே, அன்னைக்கு அந்த சூப்பர்வைசர் உன்னைய என்ன சொன்னான்? அதச் சொல்லு இந்தப் பிள்ளைகிட்ட.” உடனே அந்தப் பெண் பேச ஆரம்பிப்பார். பேசுவார், அழுவார், திட்டுவார், சிரிப்பார். கார்த்திகாவின் குரல் அதற்குப் பிறகு “ம்”, “ம்” என்று மட்டும் வரும்.

எல்லாப் பதிவிலும் அதே கரகரத்த குரல். கேள்வி என்றால் கார்த்திகா பெயரையும், பதில் என்றால் பேசுகிறவர் பெயரையும் போட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. இந்தக் குரலை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? தயங்கித் தயங்கி கார்த்திகாவிடமே கேட்டேன். “ஓ, அதுவா? அது பேச்சியக்கா. அவங்களும் அதே ஜீப்ல வேலைக்குப் போறவங்கதான்” என்றாள். “பேட்டியில அவங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா, எனக்கு வீடு காட்டச் சும்மா கூட வந்தாங்க.”

இயந்திரத்துக்கு மரியாதை

நடுவில் வாழைப் பேராசிரியர் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். பேச்சைப் போட்டால் அதுவே எழுதிவிடுமாம். “நீங்க ஒரு தடவை கண்ணை மட்டும் ஓட்டினாப் போதும்” என்று அனுப்பினார். திறந்து பார்த்தால், நாலு ஏக்கர் செவ்வாழை வைத்திருந்த விவசாயி நாலு ஏக்கர் செவ்வாய் வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ‘அங்கன’, ‘இங்கன’ எல்லாம் அங்கணம், இங்கிதம் என்று ஆகியிருந்தன. ‘வந்தாக, போனாக’ என்று யாராவது மரியாதையாகச் சொன்ன இடமெல்லாம் ‘வந்ததாக, போனதாக’ என்று மாறி, வாக்கியம் முடியாமல் நின்றது. திருத்தப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து எழுதினேன்.

கட்டுரை அச்சானதும் அன்பாக எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார். பேட்டிகளை எழுத்தாக்கியது அந்த சாஃப்ட்வேர் என்று அதன் பெயர், எத்தனையாவது பதிப்பு எல்லாம் போட்டிருந்தது. என்னைத் தேடினேன். கடைசிப் பக்கம் வரை தேடியும் காணவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். ஒருவேளை நான் எழுதியதாக நினைத்ததுதான் தப்போ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. போன் பண்ணிக் கேட்டேன். அவரும் ஒளிக்காமல், அன்பாகவே விளக்கினார்: “சாஃப்ட்வேர் பேரைப் போடலைன்னா ஜர்னல்ல திருப்பி அனுப்பிருவாங்கம்மா, உங்க பேரைப் போடலைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

எந்தக் கட்டத்தில்?

அந்த வருத்தம் ஆறுவதற்குள் கார்த்திகா கூப்பிட்டாள். அவள் கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழ் எடுத்துக்கொண்டதாம். ஆனால் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று பிரித்துச் சொல்லக் கேட்கிறார்களாம். “நீங்க எழுதித் தந்ததைத் திரும்ப உட்கார்ந்து படிச்சேன்கா. நான் கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லலை. எல்லாம் பேச்சியக்கா கேட்டதுக்குத்தான் சொல்லியிருக்காங்க. இப்ப நான் என்ன பண்றது?” பாவமாக இருந்தது.

அந்த இதழில் சில கட்டங்கள் கொடுத்திருந்தார்கள். யோசனை யாருடையது, தரவு சேகரித்தது யார், எழுதியது யார் என்று. ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க இருவருக்கும் தலை சுற்றியது. “தரவு சேகரிப்புன்னா பேச்சியக்காவா? அப்ப நான் யாரு?” என்பாள். “நீங்க என்னக்கா செஞ்சீங்க?” என்று என்னைக் கேட்பாள். “கேட்டு எழுதினேன்” என்பேன். “அதுக்குக் கட்டமே இல்லையே. ஆனா பாதிச் சொல்லுக்கு அர்த்தம் நீங்கதானே சொன்னீங்க?” என்பாள். ‘மேற்பார்வை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றாள். அவளுடைய வழிகாட்டி தேவாரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்டதில்லையாம். அவர் பெயரை அங்கே நிரப்பியபடி சொன்னாள்: “ஊர் பக்கமே வராதவருக்கும் ஒரு கட்டம் இருக்குக்கா, பேச்சியக்காவுக்கு மட்டும்தான் எதுலயும் இடம் இல்லை.”

திருமதி

நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கார்த்திகாவும் நானும் தேவாரம் போனோம். குரலை வைத்துப் பேச்சியக்காவை ஆறடி உயரமாக நான் மனதில் கட்டி வைத்திருந்தேன். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தவர் என் தோள் உயரம்கூட இல்லை. அவர் இருமியதும்தான் அவர்தான் என்று எனக்கு உறுதியானது. அந்த இருமல் எனக்குப் பழக்கம். அவருக்கோ நான் யாரென்றே தெரியாது. கார்த்திகா விளக்கினாள். பேச்சியக்கா கையை உதறிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான் பேசுனதெல்லாம் கேட்டியா? மாரியம்மாளைத் திட்டுனதுமா?” “அதுவும்தான்க்கா.” “எழுதிட்டியா?” “எழுதிட்டேன்.” தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

கட்டுரையில் பெயர் போடப் போகிறோம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “முத்துப்பேச்சின்னு முழுசாப் போடு. எங்கய்யா பேரு எழுத்தையும் முன்னால சேத்துக்க” என்றார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மாரியம்மாள், அதே ஜீப்பில் வேலைக்குப் போகிறவர், சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக வந்தார். “உன் பேரு வந்தா, உன்கூட ஜீப்புல வாறவுக யாருன்னு தோட்டத்துல தெரியாதா? எங்க பேரையெல்லாம் மாத்தி வச்சு என்னத்துக்கு?”

பேசிய பெண்களுக்கெல்லாம் கட்டுரையில் மாற்றுப் பெயர் வைத்திருந்த கார்த்திகாவுக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும்தான். அந்தப் பெண்கள் சூப்பர்வைசரைப் பற்றிச் சொன்னது, அடிபட்டவரை வேலையிலிருந்து நிறுத்தியது எல்லாம் என் விரல் வழியாகத்தான் எழுத்தானது. நாளைக்கு ஜீப்பில் இடம் இல்லை என்று ஒருவன் சொல்லிவிட்டால் முடிந்தது. பேச்சியக்காவுக்குக் கோபம் வந்தது. “நான் சொல்லித்தானே எல்லாரும் வாயத் தொறந்தீக?” என்று சத்தம் போட்டார். “நீ சொன்னதாலதான் பேசுனோம். அதனாலதான் உன்கிட்ட வந்து சொல்றேன்” என்றார் மாரியம்மாள். பேச்சியக்கா விறுவிறுவென்று உள்ளே போனார். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். சொல்லாமல் கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தப்பு செய்ததைச் சரிசெய்ய வந்து புதிதாக ஒரு தப்பு செய்கிறோமோ என்று கார்த்திகா என் காதில் கேட்டாள்.

காப்பியோடு பேச்சியக்கா வெளியே வந்தார். மாரியம்மாளுக்குத்தான் முதல் டம்ளர். “சரி, மாத்துப் பேருதான். ஆனா அந்தப் பேரை நான்தான் வைப்பேன்” என்றார். யோசிக்க நேரமே எடுக்கவில்லை. ராஜேஸ்வரி என்றார். கார்த்திகா எழுதிக்கொள்ளப் போனபோது அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்: “தோட்டத்துல என்னைய ‘ஏய்’ தவிர ஒருத்தனும் வேற சொன்னதில்ல, அதனால முன்னால ‘திருமதி’ன்னு போட்டுரு.”

அச்சில்

கட்டுரை வந்தது. இல்லாத பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்க்க முடியாது என்று இதழில் சொல்லிவிட்டார்கள். கார்த்திகா எவ்வளவோ எழுதிப் பார்த்தாள், நடக்கவில்லை. அதனால் முதலில் கார்த்திகா, பிறகு அவள் வழிகாட்டி, மூன்றாவதாக, சொல்லுக்கு அர்த்தம் சொன்னதற்காக, நான். திருமதி ராஜேஸ்வரி கடைசிப் பக்கத்து நன்றியில். பேட்டிகளின் கேள்விகளில் பெரும்பாலானவற்றைக் கேட்டவர் அவரே என்றும், அவர் இல்லாமல் இந்த ஆய்வே இல்லை என்றும் போட்டிருந்தாள். என் பெயரைப் பார்த்தேன், சந்தோஷம் வந்தது. அவர் பெயரைப் பார்த்தேன், அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கேள்வி கேட்டவர் நன்றியில் இருக்கிறார். கேட்டு எழுதியவள் ஆசிரியர் ஆகிவிட்டாள்.

பேச்சியக்காவுக்குப் போன் பண்ணி அந்த வரிகளைத் தமிழில் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ‘திருமதி’ வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். மூன்றாவதாக என் பெயர் இருப்பதையும் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. கோபிப்பார் என்று காத்திருந்தேன். “நல்லதுதானத்தா, உனக்குத்தான் ஜீப்பு ஏற வேண்டாமே” என்றார். உங்கள் சொந்தப் பெயரில் வராதது வருத்தமா என்று நான் கேட்டதற்கு, கரகரவென்று சிரித்துவிட்டுச் சொன்னார்: “அந்த ராஜேஸ்வரியம்மா நல்லா இருக்கட்டும், எனக்கு வேண்டப்பட்ட பொம்பளதான்.”

யார் பெயர் எங்கே அச்சாகியிருக்கிறது என்பதை வைத்து யார் என்ன வேலை செய்தார்கள் என்று மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது என்பது இந்தத் தொழிலில் எனக்குத் தெளிவாகிவிட்டது, ஆனாலும் என் பெயர் வந்த பக்கத்தை லேமினேஷன் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.