கட்டிலோரத்து ஸ்டூல்

பல் டாக்டர் வீட்டுக் கட்டில் ஊரில் இல்லாத உயரம். முதல் தடவை பார்க்கிறவர்கள், "என்ன டாக்டர், தூங்குறதுக்கு மாடி கட்டியிருக்கீங்களா?" என்று கேட்காமல் போனதில்லை. கட்டிலுக்கு அடியில் இரண்டு வரிசை இழுப்பறைகள். அவற்றில் வெல்வெட் துணி விரித்து, எண்ணெய் தடவி, பச்சைப் பிள்ளைகளைப் போலப் படுக்க வைத்திருந்தவை தச்சுக் கருவிகள். மரம் சீவும் இழைப்புளி, உளி, ரம்பம், எல்லாம் ஒற்றை ஆள் உட்கார்ந்து கையால் செய்தவை. ஒவ்வொன்றும் ஒரு ஸ்கூட்டர் விலை. இழுப்பறைகளுக்கு இடம் வேண்டும் என்றுதான் கட்டிலை அப்படித் தூக்கிக் கட்டச் சொல்லியிருந்தார்.

இந்தக் கருவிகளை வாங்குகிறவர்கள் தச்சர்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். தச்சருக்கு வேலை முடிய வேண்டும். மெஷினைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். வாங்குகிறவர்கள் பல் டாக்டர், கண் டாக்டர், விமானம் ஓட்டுகிற பைலட், ஓய்வுபெற்ற நீதிபதி. நான்கு பேரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரின் ஹாலில் கூடுவார்கள். ஒருவர் இழைப்புளியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், இன்னொருவர் பித்தளையைத் தடவிக் கொடுப்பார். "சும்மா வெண்ணெய் மாதிரி இழைக்குமாம்" என்று மூன்றாமவர் பெருமூச்சு விடுவார். இழைக்குமாம்! இழைத்துப் பார்த்த ஆள் ஒருவர்கூட அங்கே கிடையாது. பைலட் ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு பலகைத் துண்டோடு வந்துவிட்டார். "முனை மழுங்கிடும்ங்க, எதுக்கு வம்பு" என்று நீதிபதி தீர்ப்புச் சொல்ல, பலகை வந்த வழியே காருக்குப் போனது.

டாக்டரின் மனைவி கணக்கு டீச்சர். டாக்டரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். புதுப் பார்சல் வரும்போதெல்லாம் அவள் விலை கேட்பாள். அவர் ஒரு சைபரைக் குறைத்துச் சொல்வார். "பரவாயில்லையே, மலிவுதான்" என்பாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பத்தால் வகுக்கச் சொல்லிக் கொடுத்தவளிடம் போய் இந்த வேலை!

அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பெண் கட்டிலைப் பார்த்ததும் திகைத்துவிட்டாள். "இவ்ளோ உயரத்துலேருந்தா இறங்குறீங்க? ஒரு ஸ்டூல் போட்டுக்குங்கம்மா. கெட்டியா, ஆடாததா இருக்கணும்."

"நானே செஞ்சு தரேன்" என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை டீச்சர் கவனித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கையால் அவளுக்கென்று எதுவும் செய்ததில்லை. இரண்டு பல்லை மட்டும் பிடுங்கியிருக்கிறார்.

தேக்குப் பலகை மறுநாளே வந்து இறங்கியது. ஆனால் வேலை ஆரம்பிக்கவில்லை. அவர் ஒரு இழைப்புளிக்குச் சொல்லிவைத்து இரண்டு வருஷமாகக் காத்திருந்தார். அதைச் செய்கிறவர் வாங்குகிறவரின் கை அளவு கேட்டு, அந்தக் கைக்கென்றே பிடி செதுக்குகிறவர். டாக்டரின் கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பியதே டீச்சர்தான். "அது வந்துடட்டும் டீச்சர். முதல் வேலை உன் ஸ்டூல்தான்" என்று டாக்டர் நாளைக் கடத்தினார். உண்மை என்னவென்றால் அவருக்குப் பயம். எத்தனையோ ஆயிரம் வாய்க்குள் கை விட்டும் நடுங்காத மனுஷன், ஒரு பலகையைக் கெடுத்துவிடுவோமோ என்று நடுங்கினார். கருவி வரவில்லை என்பது நல்ல சாக்காக இருந்தது.

வெளியூரில் இருந்த மகள் போனில் சத்தம் போட்டாள். "பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்ணு அனுப்புறேம்மா. நாளைக்கே வந்துடும்."

"வேணாம்டி. அப்பா செஞ்சு தரேன்னிருக்கார்."

"அப்பா என்னிக்கும்மா எதையாவது செஞ்சிருக்கார்?"

"செய்வார்" என்றாள் டீச்சர். ஹாலில் இருந்த டாக்டரின் காதிலும் அது விழுந்தது. அன்று முழுக்க அவர் உற்சாகமாக இருந்தார். ஆனால் பலகையைத் தொடவில்லை.

டீச்சர் தானே ஒரு வழி செய்துகொண்டாள். அவருக்குத் தபாலில் வந்து குவிந்திருந்த கருவிப் புத்தகங்கள், எல்லாம் வழவழவென்று படம் போட்டவை, அவற்றை அடுக்கிக் கயிற்றால் கட்டிக் கட்டிலோரம் போட்டுக்கொண்டாள். "பாத்தீங்களா, உங்க சாமானாலதான் இறங்குறேன்" என்று கிண்டல் செய்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பின்னால் அவர் தன்னையே அறைந்துகொண்டார்.

ஒரு காலையில் கயிறு நெகிழ்ந்து, மேலே இருந்த புத்தகம் அவள் காலோடு சேர்ந்து வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டியது, மூச்சு திணறியது. இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காரியங்கள் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது மகள் வாசலில் நின்று சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஒரு ஸ்டூல்பா." அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை. இவருக்கும் கூப்பிடத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் நின்றுபோனது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் பன்னிரண்டு மணி வாக்கில் இழைப்புளி செய்கிறவரே கையில் ஒரு பெட்டியோடு வந்து நின்றார். பிடி கைக்குச் சரியாக உட்காருகிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பது அவர் வழக்கம். பெட்டியைத் திறந்து டாக்டர் கையில் கொடுத்தார். விரல்கள் ஒவ்வொன்றும் தன் தன் பள்ளத்தில் போய்ப் பதிந்தன.

"அடுத்த வருஷம்தான் உங்க முறை. அம்மாவுக்காகத்தான் முன்னாடியே முடிச்சேன். எங்க அவங்க?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

டாக்டர் சொன்னார். வந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"அவ உங்ககிட்ட பேசினாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"பேசினாங்க சார். உங்க முறையைக் கொஞ்சம் முன்னாடி தள்ள முடியுமான்னு கேட்டாங்க. கட்டிலுக்கு ஸ்டூல் செய்யணும், கால் வலின்னாங்க. நான் சொன்னேன், அம்மா, ஸ்டூலுக்கு இது எதுக்கு, அவர்கிட்ட இருக்கிற எதை எடுத்தாலும் போதுமேன்னு."

"அதுக்கு?"

அவர் தயங்கினார். "தெரியும் தம்பி, அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னாங்க. அவருக்கு இதுல செய்யணும்னு ஆசை, நான் பொறுத்துப்பேன்னு சொன்னாங்க."

வந்தவர் போன பிறகு டாக்டர் பெட்டியை இழுப்பறையில் வைக்கப் போனார். குனிந்தவர் வைக்கவில்லை. அடுப்படியில் கிடைத்ததை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஹாலில் பாயை விரித்து, சுவரோரம் சாய்ந்துகிடந்த தேக்குப் பலகையைக் கிடத்தினார். உளியையும் ரம்பத்தையும் வெல்வெட்டிலிருந்து எடுத்தார். முதல் வெட்டு கோணலாகப் போனது. போகட்டும் என்று அடுத்ததை வெட்டினார். புது இழைப்புளியை வைத்துத் தள்ளியபோது மரம் மெல்லிய சுருளாக எழுந்து அவர் மணிக்கட்டின் மேல் விழுந்தது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொண்டதெல்லாம் உண்மைதான், வெண்ணெய்தான். அப்போதுதான் அவர் அழுதார். அழுதுகொண்டே இழைத்தார். ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட, மற்ற மூன்றையும் சீவிச் சரிக்கட்டினார்.

ஸ்டூலைக் கொண்டுபோய் அவள் படுக்கிற பக்கம் போட்டார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அவள் இறங்குகிற மாதிரி முதலில் வலது காலை வைத்தார், பிறகு இடது காலை. ஆடவில்லை. அங்கேயே உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். அவள் எடுத்தாள்.

"ஸ்டூல் செஞ்சு முடிச்சிட்டேம்மா" என்றார்.

அவள் கேட்டாள், "செய்ய எத்தனை நாளாச்சுப்பா?"

பத்து நாள் என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. எண்ணைக் கூட்டியும் குறைத்தும் சொல்வது அவருக்குப் பழக்கமான வேலைதான். ஆனால் பொய்க் கணக்கை மனதுக்குள் திருத்திக்கொள்ள எதிரே டீச்சர் இல்லை.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்தேன்" என்றார். "லைட் போடுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சும்மா."