அமாவாசைக் கூட்டத்தில் கிடைத்த பதில்

போன ஆடி மாதம் எனக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. அங்காளம்மனை நம்புகிற உங்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் செஞ்சிக்காரி. உயிரியல் படித்து, அதில் வேலை கிடைக்காமல் அலைந்து, பிறகு கம்ப்யூட்டர் கற்று, ஒருவழியாக ஒரு மருந்து கம்பெனியில் சேர்ந்தேன். நோயாளிகளின் ரத்தத்தில் எந்த மரபணு தாறுமாறாக வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுத் தேட வேண்டும். அதைக் குறிவைத்து மற்றவர்கள் மருந்து செய்வார்கள். வீட்டிலிருந்தே வேலை. தெருவில் கேட்டால், "அது பொட்டி தட்டுது" என்பார்கள். தட்டித் தட்டித்தான் தேய்ந்துபோனேன்.

சிறுநீரக நோய்க்கு ஒரு மரபணுவைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன். நோயாளிகளிடம் அது ஏகத்துக்கும் எகிறியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வேறு ஊர் நோயாளிகளின் ரத்தத்தில் சரிபார்த்தபோது அது அசையவே இல்லை. மேலாளர் அம்மா கத்தவில்லை. "மாசக் கடைசிக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லேன்னா உங்க டீமை வச்சுக்க முடியாது" என்றார். எத்தனை தடவை அலசினாலும் காரணம் பிடிபடவில்லை. சோறு இறங்கவில்லை. இந்த வயதில் இன்னொரு தொழிலை முதலிலிருந்து கற்க என்னால் ஆகாது.

அமாவாசை வந்தது. "மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போலாங்க" என்றேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா, இன்னிக்கேவா? கூட்டத்துல நசுங்கிப் பூடுவோம்."

ஆனாலும் வந்தார். நெரிசலில் தாயின் முகம் ஒரு நொடிதான் தெரிந்தது. 'அந்த மரபணுவை மட்டும் காப்பாத்திக் குடு தாயே, என்னால முடியல.' அவ்வளவுதான் கேட்டேன்.

திரும்பி செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நிற்க இடமில்லை. கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "இந்த ஊர்ல எப்பவுமே இப்படித்தானா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"அட நீங்க வேற சார்! இன்னிக்கு அமாவாசை. நாளைக்கு வந்து பாருங்க, ஈ காக்கா இருக்காது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு நாள் கூட்டத்தைப் பார்த்து ஊரே இப்படித்தான் என்று அவர் நினைத்த மாதிரி, நானும் ஒரு நாள் ரத்தத்தைப் பார்த்து நோயே இப்படித்தான் என்று நினைத்துவிட்டேனோ? மெஷினில் ரத்தத்தை ஓட்டிய நாளைச் சரிபார்த்திருந்தேன். ரத்தம் எடுத்த நாளைக் கேட்கவே இல்லையே!

மறுநாள் ரத்தம் எடுத்தவர்களிடம் கேட்டேன். நான் முதலில் பார்த்த நோயாளிகள் எல்லாருக்கும் ஒரே முகாமில் எடுத்திருக்கிறார்கள். அன்று தாங்க முடியாத கூட்டம். ரத்தக் குழாய்கள் ஐஸ் பெட்டிக்குப் போகாமல் வெகுநேரம் வெக்கையில் காத்துக் கிடந்திருக்கின்றன. நோயில்லாதவர்களின் ரத்தம் வேறொரு நாள் சாவகாசமாக எடுத்தது. ஆய்வகத்தில் நல்ல ரத்தத்தையே அப்படிக் காக்க வைத்துப் பார்த்தார்கள். அதிலும் அந்த மரபணு எகிறியது. நோய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் காப்பாற்றச் சொன்ன மரபணு அன்றோடு போயிற்று. மேலாளர் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். வேலையும் போச்சு என்றே நினைத்தேன். ஆனால் அவர், "இதை நம்பி மருந்தே செஞ்சு, நோயாளிங்க வாயில போட்டிருந்தா?" என்றார். டீம் தப்பித்தது. இப்போது எங்கள் கம்பெனியில் எந்த முடிவும் என் கையைத் தாண்டித்தான் ஆய்வகத்துக்குப் போகிறது.

களைப்பு தீர்ந்ததா என்றால், இல்லை. அந்த நோய்க்கு மருந்தும் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் தூக்கம் வருகிறது. நீங்களும் தாயிடம் போங்கள். அழத் தெம்பில்லாவிட்டாலும் போங்கள். தப்பாகக் கேட்டாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே அமாவாசைதோறும் கூட வருகிறார். 'இது உண்மையா இருக்கணும் தாயே' என்று நான் இப்போது கேட்பதில்லை. 'உண்மையைக் காட்டு, தாங்கிக்கிறேன்' என்கிறேன்.